கண் போகும் தடம்

அப்பாவுக்குக் கைரேகை விழாது. எங்கள் தெரு ரேஷன் கடையில் இது எல்லாருக்கும் தெரியும். வலது கட்டைவிரலில் ஆரம்பித்து, வேட்டியில் துடைத்து மறுபடி வைத்து, ஈரத் துணியில் ஒற்றி மறுபடி வைத்து, பத்து விரலும் ஒரு சுற்று வந்த பிறகு கடைக்காரர் "பெரியவரே, வீட்ல அம்மாவ வரச் சொல்லுங்க" என்பார். அப்பா ஒன்றும் சொல்லாமல் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வருவார். ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வேலை, 30 வருஷத்துக்கு மேல். முதல் சில வருஷம் சுண்ணாம்புக் குழியில் இருந்தார். ஆட்டுத் தோலிலிருந்து முடியை இறக்குவதற்குச் சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த தண்ணீர், அதில் கை வைத்து வைத்து விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது.

அப்புறம் அவரைச் செலக்‌ஷன் டேபிளுக்கு மாற்றினார்கள். பதப்படுத்திய தோல் ஒவ்வொன்றாக மேஜைமேல் வந்து விழும், அதைப் பார்த்து எந்தத் தரம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த அவ்வளவுதான் என்பதற்குள் உண்ணி கடித்த புள்ளி, அம்மைத் தழும்பு, முள் கீறல், உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு எல்லாம் சில விநாடிக்குள் கண்ணில் பட்டாக வேண்டும். மேஜை வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரமாக இருக்கும், வெயில் நேராக விழுந்தால் தோல் நிறத்தை மாற்றிக் காட்டிவிடும் என்பதால். ஓர் ஆயுத பூஜை அன்று என்னைக் கூட்டிப்போயிருந்தார். பொரியும் சுண்டலும் சாப்பிட்டுக்கொண்டே ஒரு தோலை விரித்துக் காட்டினார், எனக்கு அப்போது பத்து வயதிருக்கும், நான் தோலைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் முதலில் நடு முதுகில் போய் நின்றது. அங்கிருந்து இடது வயிற்றோரம், சடக்கென்று வலது ஓரம், அதற்குப் பிறகுதான் கழுத்து, கடைசியாக மறுபடியும் நடு முதுகு. அந்தக் கடைசி நிற்பு முடிந்துதான் வாயைத் திறந்தார்.

அதற்கப்புறம் நான் அதை எங்கேயும் பார்க்க ஆரம்பித்தேன். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடிக் கத்திரிக்காய்க் குவியலைப் பார்க்கும்போது அதே நடு, இடது, வலது, மேல், நடு. ஆரணியில் எனக்குக் கல்யாணப் பட்டு எடுத்தபோது கடைக்காரர் விரித்துப் போட்ட புடவையிலும் அதேதான். என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அவர் கையில் கொடுத்தபோது மேலே இருக்கிற தமிழைப் பார்க்கவில்லை, நடுவில் இருந்த கணக்கைத்தான் முதலில் பார்த்தார். அம்மா இதற்கு ஒரு வார்த்தை வைத்திருந்தாள், "உங்கப்பா கண்ணு மேயுது" என்பாள். பஸ் ஸ்டாண்டில் நூறு பேருக்கு நடுவில், முகத்தில் முகக்கவசம் போட்டிருந்த கொரோனா காலத்தில்கூட, எதிரே வருகிற பஸ்ஸின் பெயர்ப் பலகையை அவர் பார்க்கிற விதத்தை வைத்தே அது அப்பாதான் என்று தூரத்திலிருந்து சொல்லியிருக்கிறேன். மெஷினுக்குத் தெரியாத அப்பாவை அடையாளம் காட்ட எனக்கு அவர் கண் போதுமானதாக இருந்தது.

இது மகளின் பாசம் மட்டுமில்லை, இதற்குப் பின்னால் அறிவியல் இருக்கிறது என்பது எனக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது.

தோழியின் தங்கை வேலூரில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். கண் அசைவை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது அவளுடைய ப்ராஜெக்ட். "அக்கா, பத்து நிமிஷம்தான், ஒரு பத்தி படிச்சிட்டுப் போயிடுங்க" என்று கூப்பிட்டாள். போனேன். வேலூர்க்காரர்களுக்குக் கண் என்றால் ஆரணி ரோட்டு ஷெல் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும், அங்கே தாடையை வைத்து நெற்றியை ஒட்டி உட்காரச் சொல்வார்களே, அதே மாதிரி ஒரு தாங்கி. திரைக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டைக் கருவி. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் வருகிறதாம். அந்த வெளிச்சம் விழியின் முன்பக்கத்தில் பட்டு ஒரு சின்னப் பொட்டாக மின்னும், அந்தப் பொட்டுக்கும் கண்பாப்பாவின் நடுவுக்கும் உள்ள இடைவெளியை வைத்து நாம் எங்கே பார்க்கிறோம் என்று கணக்குப் போடுகிறது. முதலில் திரையில் அங்கங்கே தோன்றுகிற புள்ளிகளைப் பார்க்கச் சொன்னாள், கருவி என் கண்ணுக்குப் பழகுவதற்காக. அப்புறம் ஒரு தமிழ்ப் பத்தி.

முடிந்ததும் படத்தைக் காட்டினாள். பத்தியின் மேல் சின்னதும் பெரிதுமாக வட்டங்கள், வட்டங்களை இணைக்கும் கோடுகள். வட்டம் என்பது கண் நின்ற இடம், பெரிய வட்டம் என்றால் அதிக நேரம் நின்றிருக்கிறது. கோடு என்பது தாவல். நான் படிக்கும்போது கண் இடமிருந்து வலமாக வழுக்கிக்கொண்டே போகிறது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கிடையவே கிடையாது. நிற்கிறது, தாவுகிறது, நிற்கிறது, தாவுகிறது. 'கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' மாதிரி நீளமான சொல் வந்தால் ஒரே சொல்லில் இரண்டு முறை, மூன்று முறை இறங்கியிருக்கிறது. ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குத் திரும்பும்போது ஒவ்வொரு முறையும் வரியின் முதல் எழுத்துவரை போகாமல் கொஞ்சம் முன்னாடியே விழுந்து, அப்புறம் ஒரு குட்டித் தாவலில் இடது பக்கம் சரிசெய்துகொண்டிருக்கிறது. ஒருமுறை இரண்டுமுறை இல்லை, வரிக்கு வரி.

இரண்டு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். வேறு பத்தி. இந்த முறை பெயர் போடாமல் ஐந்தாறு பேருடைய படங்களைப் பரப்பி வைத்து, "இதுல உங்களோடது எதுன்னு சொல்லுங்க அக்கா" என்றாள். நான் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒன்றைக் காட்டினேன். தப்பு. அவள் எழுதிய ப்ரோகிராம் சரியாகக் காட்டியது. என்னுடைய கண் போகும் தடம் எனக்கே அடையாளம் தெரியவில்லை, அது என்னை ஏதோ செய்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்ன ஒன்றைச் செய்து பார்த்தேன், நீங்களும் செய்து பாருங்கள். கண்ணாடி முன்னால் நெருங்கி நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள். அப்புறம் வலது கண்ணை. மறுபடி இடது. உங்கள் கண் நகர்வது உங்களுக்குத் தெரியாது. எத்தனை முறை மாற்றிப் பார்த்தாலும் கண் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த மாதிரிதான் இருக்கும். பக்கத்தில் நிற்கிறவரைப் பார்க்கச் சொன்னால் அவருக்கு நன்றாகத் தெரியும். தாவுகிற நேரத்தில் வருகிற கலங்கலான காட்சியை மூளை அமுக்கிவிடுகிறது, அதனால் ஊரே பார்க்கிற நம்முடைய ஓர் அசைவு நமக்கு மட்டும் தெரியாமலே இருக்கிறது.

கண் ஏன் இப்படித் தாவ வேண்டும்? விழித்திரையில் நடுவில் ஒரு சின்னக் குழிப் பகுதிதான் கூர்மையாகப் பார்க்கும். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால் அந்த நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் தெளிவு. மிச்சமெல்லாம் மங்கல். அதனால் அந்தத் தெளிவான துணுக்கைத் தூக்கிக்கொண்டு கண் இடம் இடமாக ஓடுகிறது, விநாடிக்குச் சுமார் மூன்று தடவை. பெரிய தாவலில் விநாடிக்கு 500 டிகிரிக்கும் மேலான வேகம் வரும். இதைச் செய்வது ஒவ்வொரு கண்ணிலும் ஆறு தசைகள், அவற்றை மூளையிலிருந்து வரும் மூன்று ஜோடி நரம்புகள் இயக்குகின்றன. ஒரே இடத்தை உற்றுப் பார்க்கும்போதுகூடக் கண் சும்மா இருக்காது, மெல்ல நகரும், நுண்ணியதாக நடுங்கும், அப்புறம் ஒரு குட்டித் தாவல் போட்டுத் திரும்பி வரும்.

படிக்கும்போது கண் தாவித் தாவித்தான் போகிறது என்று 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் எமில் ஜவால் என்ற கண் மருத்துவரின் காலத்திலேயே கவனித்துவிட்டார்கள். ஆனால் என்னை அதிகம் இழுத்தது சோவியத் விஞ்ஞானி ஆல்ஃப்ரெட் யார்பஸ். விழிமேல் உறிஞ்சி ஒட்டிக்கொள்கிற ஒரு மூடி, அதில் சின்னக் கண்ணாடி, அதில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் கண்ணோடு சேர்ந்து அசையும், அதைப் பதிவு செய்தார். ரேப்பின் வரைந்த ஓர் ஓவியத்தை, எதிர்பாராமல் ஓர் ஆள் வீட்டுக்குள் நுழைகிற காட்சி அது, ஒருவருக்குக் காட்டி முதலில் சும்மா பார்க்கச் சொன்னார், பிறகு இவர்களின் வயது என்ன, இந்தக் குடும்பத்தின் வசதி எப்படி என்று வேறு வேறு கேள்வி கேட்டார். கேள்வி மாற மாறக் கண் போன பாதையும் மாறியது. 1967-ல் அவருடைய புத்தகம் ஆங்கிலத்தில் வந்து உலகம் முழுக்கப் போனது. 1971-ல் அமெரிக்காவில் நோட்டன், ஸ்டார்க் என்ற இருவர் இன்னொன்றைச் சொன்னார்கள்: ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது ஒவ்வொரு ஆளுக்கும் தனக்கென்று ஒரு பாதை அமைந்துவிடுகிறது.

கேள்வி மாறினால் பாதை மாறும் என்றால் அப்புறம் ஆளை எப்படி அடையாளம் காண்பது? நானும் தோழியின் தங்கையிடம் இதைத்தான் கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதிலைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர்க் கூத்துதான் ஞாபகம் வந்தது.

வட ஆற்காட்டில் பாரதக் கூத்து நடக்காத கிராமம் குறைவு. அம்மா ஊரில் துரியோதனன் கட்டுகிற ஒரு மாமா இருந்தார். முகம் முழுக்க அரிதாரம், தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, இரவு பன்னிரண்டு மணிக்குப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் திரைக்குப் பின்னால் நின்று அவர் பாடினால் பகலில் பீடி சுற்றுகிற அந்த மாமா என்று யாருக்கும் தோன்றாது. சபையை எப்படிப் பார்க்க வேண்டும், திரௌபதியை எப்படி முறைக்க வேண்டும் என்பதெல்லாம் வாத்தியார் சொல்லிக்கொடுத்த பார்வை. அதை இன்னொருவர் கற்றுக்கொண்டு அப்படியே செய்துவிடலாம், புரிசை கண்ணப்பத் தம்பிரான் மாதிரிப் பெரிய ஆசான்கள் பரம்பரைக்குக் கொடுத்ததே அதைத்தானே. ஆனால் கட்டியக்காரன் பேசிக்கொண்டிருக்கும்போது, தன் முறை வரும்வரை மாமா ஓரமாக நிற்பார் பாருங்கள், அப்போது அவர் கண் கூட்டத்தின் மேல் ஒரு மாதிரி விட்டு விட்டுப் போகும். அங்கே துரியோதனன் கிடையாது, மாமாதான். குழந்தைகள் நாங்கள் அதைப் பார்த்துத்தான் "மாமா டோய்" என்று கத்துவோம்.

ஆராய்ச்சியும் ஏறக்குறைய இப்படித்தான் இரண்டு அடுக்காகப் பிரித்துப் பார்க்கிறது. எங்கே பார்க்கிறோம் என்பது ஓர் அடுக்கு, அது மனத்தோடும் கேள்வியோடும் மாறும், பழக்கத்தால் வரும், கொஞ்சம் நடிக்கவும் முடியும். எப்படி அசைகிறது என்பது அடியில் இருக்கிற அடுக்கு. தாவல் எத்தனை மில்லி விநாடி தாமதித்துக் கிளம்புகிறது, உச்ச வேகம் எவ்வளவு, குறியைத் தாண்டிப் போய்த் திரும்புகிறதா, முன்னாலேயே விழுந்து சரிசெய்கிறதா, நின்ற இடத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது. தாவலின் தூரம் கூடக் கூட வேகமும் கூடும் என்பது எல்லாருக்கும் பொது, ஆனால் அதை வரைந்து பார்த்தால் வரும் வளைகோடு ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேறுபடும், ஏனென்றால் தசையின் இழுவிசையும் நரம்பின் கட்டளையும் ஆளுக்கு ஆள் வேறு. இதை நினைத்துச் செய்யவும் முடியாது, நினைத்து மாற்றுவதும் மிகக் கஷ்டம். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில் 1,000 பேருக்கும் மேல் சோதித்து, ஒரு பகுதியினரை மறுபடி அழைத்துப் பார்த்தபோது இந்த அளவுகள் பெரும்பாலும் அந்தந்த ஆளிடம் அப்படியே இருந்தன.

இதை ஆளைச் சரிபார்க்கும் வழியாக மாற்றலாம் என்று 2004-ல் போலந்தின் காஸ்ப்ரோவ்ஸ்கி, ஓபர் இருவரும் திரையில் தாவும் ஒரு புள்ளியைப் பின்தொடர வைத்துக் காட்டினார்கள். பிறகு டெக்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒலெக் கோமோகோர்ட்சேவின் குழு இதில் ஆழமாகப் போனது. அவர்கள் 2021-ல் வெளியிட்ட கேஸ்பேஸ் என்ற தொகுப்பில் 322 பேரின் கண் அசைவு இருக்கிறது, விநாடிக்கு 1,000 தடவை பதிவு செய்தது, 37 மாத இடைவெளிக்குள் 9 சுற்று. இப்போது மனிதர் உட்கார்ந்து எதை அளப்பது என்று முடிவு செய்ய வேண்டியதில்லை, அசைவின் வேகத்தை அப்படியே நரம்பியல் வலைப்பின்னல் என்கிற, தானே கற்றுக்கொள்ளும் கணினி ப்ரோகிராமுக்குக் கொடுத்துவிட்டால் அதுவே ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைக் கற்றுக்கொள்கிறது, சில விநாடிப் பதிவே போதும் என்கிற இடத்துக்கு வந்துவிட்டார்கள். நல்ல கருவி வேண்டும் என்பது நிஜம், சாதாரண வெப்கேமராவில் இந்த நுணுக்கம் கிடைக்காது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஆதாரில் எடுத்தது கருவிழியின் படம். அது அசையாத ஒன்று, நீங்கள் எதை யோசித்தாலும் அந்தப் படம் அதைச் சொல்லாது. கண் அசைவு அப்படி இல்லை. களைப்பு அதில் தெரியும், குடித்திருந்தால் தாவலின் வேகம் குறையும், பார்க்கின்சன் மாதிரி நோய்கள் அதில் தடம் விடும், படிக்கத் திணறுகிறவரா இல்லையா என்பது தெரியும், எந்த முகத்தில் கண் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்பதும் தெரியும். யார் என்று மட்டும் கேட்டவனுக்கு இத்தனையும் சேர்ந்து போகிறது.

இது எங்கோ ஆய்வகத்தில் இருக்கிற விஷயம் என்று விட்டுவிட முடியவில்லை. கண் பார்க்கிற இடத்தை மட்டும் கூர்மையாக வரைந்தால் கணினிக்கு வேலை குறையும் என்பதால் தலையில் மாட்டுகிற கருவிகளில் கண் அசைவைப் பார்க்கும் கேமராக்கள் வந்துவிட்டன. ஆப்பிள் விஷன் ப்ரோவில் கண்தான் மவுஸ். நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள் என்பதை ஆப்களுக்குக் கொடுப்பதில்லை என்று அந்த நிறுவனம் வைத்திருக்கிறது, அது சரியான முடிவு. அப்படியும் 2024-ல் ஆராய்ச்சியாளர்கள், அந்தக் கருவியைப் போட்டுக்கொண்டு வீடியோ காலில் இருக்கிறவரின் பொம்மை உருவத்தின் கண்ணை மட்டும் பார்த்தே அவர் என்ன டைப் செய்கிறார் என்று ஊகிக்க முடியும் என்று காட்டினார்கள், அப்புறம் ஆப்பிள் அந்த ஓட்டையை அடைத்தது. பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். கண் எப்படித் தாவுகிறது என்பதை எதைக் கொடுத்து மாற்றுவது? நம்முடைய 2023 தனிநபர் தரவுச் சட்டத்தில் சம்மதம் கேட்க வேண்டும் என்று இருக்கிறது, ஆனால் உடம்பு சார்ந்த அடையாளத்தைத் தனி வகையாக வைத்துக் கூடுதல் காப்பு கொடுக்கும் ஏற்பாடு அதில் இல்லை. ஐரோப்பியச் சட்டத்தில் இருக்கிறது. இங்கேயும் வேண்டும் என்று நான் கேட்கிறேன். அடையாளத்துக்கு எடுத்தது அந்தக் கருவியை விட்டு வெளியே போகக் கூடாது என்றும், வேறு எதற்கும் அதைத் தோண்டக் கூடாது என்றும் எழுதி வைக்க வேண்டும். கைரேகை வைக்கும்போது கை நீட்டுகிறோம், நமக்குத் தெரிந்துதான் கொடுக்கிறோம். கண் அசைவைக் கொடுக்கிறோம் என்பது நமக்குத் தெரியவே தெரியாது, கண்ணாடி முன்னால் நின்றாலும் தெரியாத ஒன்று அது.

முழுக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதற்குக் காரணம் அப்பாதான். விரல் தேய்ந்து போனவர்கள் ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தோல் வேலை மட்டுமா, செங்கல் சூளை, தறி, நாற்று நடவு. வேலை செய்ததாலேயே ஒருவர் தான்தான் என்று நிரூபிக்க முடியாமல் போவது எனக்குத் தாங்கவில்லை. அவர்களுக்கு இன்னொரு வழி கிடைக்கட்டும், ஆனால் அந்த வழியில் போகும்போது அவர்கள் மனத்தையும் சேர்த்து அள்ளிக்கொள்ளக் கூடாது.

இந்த மாசம் ரேஷனுக்கு அப்பாவோடு நானும் போனேன். கடையில் கருவிழி மெஷின் வந்திருந்தது. கடைக்காரர் அதைத் துடைத்து அப்பாவின் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். "பெரியவரே, கண்ண அசைக்காம உள்ள பாருங்க." அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். விழவில்லை. "அசையுது பெரியவரே, ஒரே எடத்துல பாருங்க." மறுபடி. மூன்றாவது தடவை பீப் என்று சத்தம் வந்து சீட்டு வெளியே வந்தது. வரிசையில் நின்ற அக்கா ஒருத்தி "இன்னா அண்ணே, உனக்கே விழுந்துடுச்சா" என்று சந்தோஷப்பட்டாள்.

அப்பா பையை விரித்துப் பிடித்தார். அரிசி கொட்டி முடிந்ததும் பையின் வாயைக் கட்டாமல் ஒரு நிமிஷம் குனிந்தார். கண் நடுவில் போய் நின்றது, இடது ஓரம், சடக்கென்று வலது, மேலே, மறுபடி நடு.

"போன மாசத்துக்குப் பரவால்ல மா" என்றார்.